அலைக்கட்டுச் சித்தரும் ஒரு நாள் தற்செயல் விடுப்பும்

தில்லி லக்ஷ்மிபாய் நகரில் அந்த ஞாயிற்றுக்கிழமை காலை எட்டு மணிக்கு மூடுபனி விலகவில்லை. ஆனால் வரிசை தெருமுனை வரை நீண்டுவிட்டது. மோதி பாக்கிலிருந்து ஆட்டோவில் வந்தார்கள். கிட்வாய் நகரிலிருந்து குல்லாயும் மஃப்ளருமாக நடந்தே வந்தார்கள். ஒவ்வொருவரிடமும் ஒரு கையில் எலுமிச்சம்பழம், மறு கையில் ஒரு குட்டி டிரோன். தென்றல் தமிழர் மன்றத்தின் வாசல் பொங்கல் விழாவுக்குக்கூட இவ்வளவு கூட்டத்தைப் பார்த்ததில்லை. பொங்கலுக்குச் சாப்பாடு மட்டும்தான் கிடைக்கும். இங்கே அற்புதம் கிடைத்தது.

அற்புதத்தின் பெயர் அலைக்கட்டுச் சித்தர்.

டிரோனுக்கும் சித்தருக்கும் என்ன சம்பந்தம் என்று கேட்பீர்கள். ஒரு மொழிபெயர்ப்புதான் சம்பந்தம்.

மன்றத்தில் ஒரு வருடமாக டிரோன் கழகம் நடக்கிறது. தில்லி வானத்தில் பறக்கவிட அனுமதி வாங்கக் கிளம்பினால் பணி ஓய்வே வந்துவிடும் என்பதால், உள்ளங்கை அளவு டிரோன்களை மண்டபத்துக்குள்ளேயே பறக்கவிடுவார்கள். டிரோனின் மூக்கில் ஒரு கேமரா இருக்கும். அது பார்ப்பதைக் கண்ணில் மாட்டிய பெரிய கண்ணாடிக்குள் நாமும் பார்க்கலாம். நாற்காலியில் உட்கார்ந்தபடியே மின்விசிறிக்கு மேலே போய்வரலாம். செக்‌ஷன் ஆபீசர்களுக்கு இதைவிட வேறென்ன வேண்டும்?

டிரோனை ஓட்டுகிற கருவியை இவர்கள் ரேடியோ என்பார்கள். டிரோனுக்குள் ஒரு ரிசீவர் உண்டு. இந்த ரேடியோ சொல்வதை மட்டும் கேள் என்று அந்த ரிசீவருக்குப் புரியவைக்க வேண்டும். அதற்குப் பெயர் பைண்ட். இரண்டிலும் ஒரே ரகசியச் சொற்றொடரைத் தட்டச்சு செய்தால் முடிந்தது. வீட்டு வைஃபைக்குப் பாஸ்வேர்டு போடுவது மாதிரி. அதற்கு மேல் அதில் ஒன்றுமில்லை.

ஆனால் மன்றத் தலைவர் அனந்தகிருஷ்ணன், ஓய்வு பெற்ற அண்டர் செகரட்டரி, கொள்கை உள்ளவர். அறிவிப்புப் பலகையில் தமிழ் மட்டுமே இருக்க வேண்டும் என்பது அவர் கொள்கை. ஒரு மதியம் முழுக்க அகராதியோடு உட்கார்ந்து இப்படி எழுதி மாட்டினார்:

‘பறக்கும் முன் ஒவ்வொரு உறுப்பினரும் தம் டிரோனுக்குக் கட்டுப் போட்டிருக்க வேண்டும். தம் கட்டு மந்திரத்தைப் பிறரிடம் சொல்லக் கூடாது. கட்டு அவிழ்ந்தால் டிரோன் உடனே விழும்.’

தில்லியில் பிறந்த பிள்ளைகளுக்கு பைண்ட் என்றால் என்னவென்று தெரியும். தமிழ்ப் பலகையைப் படிக்கத் தெரியாது. படிக்கத் தெரிந்த பெரியவர்களுக்கோ பைண்ட் தெரியாது. கட்டு நன்றாகத் தெரியும். பேய்க்கட்டு, வாய்க்கட்டு, எல்லைக்கட்டு எல்லாம் ஊரிலேயே பார்த்தவர்கள். அடுத்த வாரம் மூன்று டிரோன்கள் விழுந்தன. ஒன்றில் ஆன்டெனா ஒடிந்திருந்தது. இன்னொன்றில் ஆன்டெனாவை பேட்டரிக்கு அடியில் மடித்து டேப் ஒட்டியிருந்தார்கள். மூன்றாவதற்கு சார்ஜே போடவில்லை. இதையெல்லாம் யார் பார்ப்பது? யாரோ கட்டை அவிழ்த்துவிட்டார்கள் என்று பேச்சுப் பரவியது.

தேவை உண்டானால் சரக்கு தானாக வரும். பத்தே நாளில் காவி வேட்டி, பெரிய கம்பளிச் சால்வை, தோளில் துணிப்பையுடன் சித்தர் வந்து சேர்ந்தார். வெங்கடேஸ்வரன் என்பது பூர்வாசிரமப் பெயர். பூர்வாசிரமத்தில் மொபைல் பழுதுபார்க்கும் கடை வைத்திருந்தார்.

சித்தரின் சாஸ்திரம் ஆழமானது. ரேடியோவில் இரண்டு வகை அலைவரிசை விற்கிறது: ஒன்று இரண்டு புள்ளி நான்கு கிகாஹெர்ட்ஸ், மற்றது எண்ணூற்று அறுபத்தாறு மெகாஹெர்ட்ஸ். எதை வாங்குவது என்பதை அவர் பிறந்த நட்சத்திரம் பார்த்துச் சொன்னார். ஆயில்யத்துக்கு இரண்டு புள்ளி நான்கு ஆகாது. மகத்துக்கு எண்ணூற்று அறுபத்தாறு ஆயுளுக்குக் கேடு. கணவன் மனைவி இருவரும் ஓட்டினால் அலைப்பொருத்தம் பார்த்தார். ஆன்டெனா ஈசான மூலையைப் பார்க்க வேண்டும் என்றார். டிரோன் திரும்பினால் ஈசானமும் கூடவே திரும்புமா என்று ஒருவரும் கேட்கவில்லை. கடவுள் இருக்கிறார். அதில் சந்தேகம் வேண்டாம். ஆனால் அவர் எந்த மெகாஹெர்ட்ஸில் அருள்பாலிக்கிறார் என்பது வெங்கடேஸ்வரனுக்கு மட்டும் எப்படித் தெரிந்தது?

பிறகு கட்டு. மஞ்சள் துணிக்குப் பின்னால் மடிக்கணினியை வைத்துக்கொண்டு, ரேடியோவிலும் ரிசீவரிலும் மந்திரத்தை அவரே ஏற்றுவார். மந்திரம் என்ன என்று சொந்தக்காரர் கேட்கக் கூடாது, கேட்டால் பலிக்காது. கட்டு முடிந்தவர்கள் ‘ரேடியோ மௌனம்’ கடைப்பிடிக்க வேண்டும். அதாவது மண்டபத்தில் ஒருவர் ரேடியோ போட்டிருந்தால் மற்றவர்கள் தங்கள் ரேடியோவின் பேட்டரியைக் கழற்றிவிட வேண்டும். இல்லாவிட்டால் தோஷம் தாவும்.

எல்லாவற்றுக்கும் மேலே அந்த அற்புதம். ரேடியோவை அணைத்துத் தன் காலடியில் வைக்கச் சொல்வார். சால்வைக்குள் கைகளை மடக்கி முத்திரை பிடிப்பார். உதடு முணுமுணுக்கும். டிரோன் தானாக எழும்பும். மாமிகள் கன்னத்தில் போட்டுக்கொள்வார்கள். ரேடியோ இல்லாமல் பறந்ததே என்று அனந்தகிருஷ்ணனுக்கு ஒவ்வொரு முறையும் கண் கலங்கும். கலங்கிய கண்ணோடு செயற்குழுவைக் கூட்டி ஒரு தீர்மானமும் போட்டுவிட்டார்: சித்தரின் கட்டுச் சான்றிதழ் இல்லாமல் மண்டபத்தில் எவரும் டிரோனை இயக்கக் கூடாது.

அந்தத் தீர்மானம்தான் தீனாவின் கழுத்தில் விழுந்தது.

தீனா பெயிண்டர் வேலை பார்க்கிறவன். தில்லியிலேயே பிறந்து, குடிசைப் பகுதியிலேயே வளர்ந்து, சாரத்தில் தொங்கிக்கொண்டு சம்பாதித்ததில் ஒரு டிரோனும் ரேடியோவும் வாங்கியிருந்தான். கல்யாண வீடியோ எடுக்கும் ஜெகன் என்பவர் அன்று பதினொரு மணிக்கு மண்டபத்துக்கு வருவதாகச் சொல்லியிருந்தார். வாசலில் நுழைந்து, நாற்காலிகளுக்கு ஊடே போய், மேடையைச் சுற்றி, ஒரே மூச்சில் படம் பிடித்துக் காட்டினால் தீனாவுக்கு நிரந்தர வேலை. விழுந்தால் திரும்பவும் சாரம். மற்றவர்களுக்கு இது விளையாட்டு. அவனுக்கு அப்படி இல்லை.

ஒன்பது மணிக்கு அவன் முறை வந்தது. சித்தர் டிரோனுக்கு மந்திரம் ஏற்றினார். ரேடியோவைக் கையில் வாங்கினார். நல்ல ரேடியோ, புதியது. அவர் முகம் சோகமானது. ரேடியோவை அணைத்துக் காலடியில் வைத்தார். முத்திரை பிடித்தார். டிரோன் எழும்பியது.

“பார்த்தாயா மகனே? உன் டிரோன் சுத்தம். அது நேரே எனக்கே கட்டுப்படுகிறது. தோஷமெல்லாம் இந்த ரேடியோவில். யாரோ செய்வினை வைத்துக் கொடுத்திருக்கிறார்கள். இதை இங்கேயே விட்டுவிடு. யமுனையில் கரைத்துவிடுகிறேன்.”

இதுவரை பதினோரு ரேடியோக்கள் யமுனையில் கரைந்திருந்தன. அத்தனையும் விலை கூடியவை. மட்டமான ரேடியோவை எந்தச் செய்வினையும் சீண்டவில்லை என்பதை யாரும் கவனிக்கவில்லை.

தீனா கெஞ்சினான். பதினொரு மணிக்கு ஆள் வருகிறார், இன்று ஒரு நாள் மட்டும் விட்டுவிடுங்கள் என்றான். நாற்பத்தெட்டு நாள் கழித்து வேறு ரேடியோவோடு வா என்றார் சித்தர். அனந்தகிருஷ்ணன் வருத்தத்தோடு தீர்மானத்தின் நகலைக் காட்டினார். வருத்தம் உண்மையானது. நகலும் உண்மையானது.

தீனா டிரோனைத் தூக்கிக்கொண்டு மண்டபத்தின் பின்பக்கம், டீ போடும் இடத்துக்குப் போய்ச் சுவரோரம் உட்கார்ந்தான். டிரோனில் பேட்டரியைக் கழற்றக்கூடத் தோன்றவில்லை. ரேடியோவைத் தேடி அதன் விளக்கு மினுக் மினுக்கென்று மின்னிக்கொண்டிருந்தது.

அங்கே டீ ஆற்றிக்கொண்டிருந்தவள் வள்ளி. கிட்வாய் நகரில் நான்கு வீடுகளில் சமையல் செய்கிறாள். ஒரு வீட்டுக்காரர் மாற்றலாகிச் சென்னை போகும்போது, ஏற்றிக்கொண்டு போகச் சோம்பல்பட்டுத் தன் டிரோனையும் ரேடியோவையும் அவளிடம் விட்டுப் போனார். கொடிக்கயிறுகளுக்கு நடுவே அவள் ஓட்டுவதைப் பார்த்தால் செக்‌ஷன் ஆபீசர்கள் வெட்கப்படுவார்கள். போன மாதம் அவளும் வரிசையில் நின்று கட்டுப் போட்டுக்கொண்டவள்தான்.

வள்ளி அவனுக்கு ஒரு டீயைக் கொடுத்தாள். அப்புறம் தன் பையிலிருந்து ரேடியோவை எடுத்தாள்.

“இந்தா தம்பி, என்னோடதை வச்சுக்க. சாயங்காலம் குடுத்தா போதும்.”

“அதுல எப்படிக்கா? உங்க ரேடியோவை பைண்ட் பண்ணவே இல்லியே. சலேகா ஹி நஹி, ஓடவே ஓடாது.”

“சும்மா போட்டுப் பாரு. மௌனமாம், தோஷமாம். ஒரு புள்ள அழுறப்ப என்னா மௌனம்?”

பேட்டரியைச் செருகி ரேடியோவைப் போட்டு அவன் கையில் வைத்தாள். அவ்வளவுதான். டிரோனின் விளக்கு மின்னுவதை நிறுத்தி நிலையாக எரிந்தது. தீனா நம்பாமல் ரேடியோவின் குச்சியை லேசாகத் தள்ளினான். டிரோன் எழும்பி, டீப் பாத்திரத்தின் ஆவிக்கு மேலே நின்றது.

“அரே, யே கைஸே? இது எப்படி? ரேடியோ உங்களுது, டிரோன் என்னோடது.”

இதைப் பார்த்துக்கொண்டே டீ வாங்க வந்தவள் காந்திமதி. திருநெல்வேலிக்காரி. அமைச்சகம் ஒன்றில் ஸ்டெனோ. கிருத்திகை தவறாமல் மலை மந்திர் போய் முருகனைப் பார்த்துவிட்டு வருகிறவள். நெற்றியில் எப்போதும் திருநீறு. அவளுக்கு ஒரே ஒரு கெட்ட பழக்கம். எந்தப் பொருளை வாங்கினாலும் கையேட்டைக் கடைசிப் பக்கம் வரை படித்துவிடுவாள். படித்துத் தானே பைண்ட் செய்துகொண்டதால் அவள் சித்தரிடம் போகவே இல்லை. சான்றிதழ் இல்லாததால் ஒரு மாதமாகப் பறக்கவும் இல்லை.

காந்திமதி டீயை மறந்தாள்.

“ஏ தம்பி, இது ஒண்ணும் அதிசயம் இல்லப்பா. அலைவரிசையும் ஒத்துப்போயி, ரெண்டுலயும் ஒரே சொல்லும் இருந்தாத்தான் இப்படிக் கேக்கும். உன் டிரோனுக்கும் வள்ளி ரேடியோவுக்கும் அந்த ஆளு ஒரே மந்திரத்தைத்தான் போட்டிருக்காரு. எல்லாருக்குமே அதைத்தான் போட்டிருப்பாரு, சோம்பேறி.”

“அப்ப அவரு ரேடியோ இல்லாம தூக்குறாரே, அக்கா?”

“இல்லாமயா? இந்தக் குளிருக்குப் போத்துன சால்வைக்குள்ள கை என்ன செய்யுதுன்னு நீ பாத்தியா?”

தீனா பார்க்கவில்லை. யாருமே பார்க்கவில்லை. சால்வைக்குள் பார்ப்பது மரியாதை இல்லையே.

ஓடிப்போய்ச் சால்வையைப் பிடுங்கலாம் என்றான் தீனா. காந்திமதி ஒப்புக்கொள்ளவில்லை. நாலு பேர் நடுவே ஒரு மனுஷன் துணியை உருவுவது பாவம் என்றாள். பிடுங்கினால் சித்தர் அவதாரம் ஆகிவிடுவார், நாம் அரக்கர்கள் ஆகிவிடுவோம் என்றும் சொன்னாள். வள்ளியின் காதில் ஏதோ சொல்லிவிட்டு டிரோனை மட்டும் எடுத்துக்கொண்டு மண்டபத்துக்குள் போனாள். வள்ளி ரேடியோவை அணைக்காமல், முந்தானையில் மறைத்துக்கொண்டு, மேடையின் பக்கத் திரைக்குப் பின்னால் போய் நின்றாள்.

காந்திமதி கூட்டத்தின் நடுவே டிரோனைத் தரையில் வைத்து, சித்தருக்குக் கைகூப்பினாள்.

“சாமி, நான் இதுவரைக்கும் கிட்டக்க இருந்து பாத்ததில்ல. இந்தப் பிள்ளை டிரோனை இன்னும் ஒருக்கத் தூக்கிக் காட்டுவீயளா?”

சித்தருக்குப் பூரிப்பு. இத்தனை நாள் வராதவள் தானாக வந்து கும்பிடுகிறாள். முத்திரை பிடித்தார். முணுமுணுத்தார். டிரோன் அசையவில்லை. அது ஏற்கெனவே வள்ளியின் பேச்சைக் கேட்டுக்கொண்டிருந்தது. இன்னொரு ரேடியோவை ஏன் திரும்பிப் பார்க்கப்போகிறது? சித்தர் கண்ணை இறுக்கினார். சால்வை குலுங்கியது. குளிர் தாங்காமல் நடுங்குகிறார் என்று நினைத்து ஒரு மாமி ஜன்னலைச் சாத்தினாள்.

“இங்கே யாரோ தீட்டோடு நிற்கிறார்கள்,” என்றார் சித்தர்.

எல்லோரும் பக்கத்தில் இருப்பவரிடமிருந்து ஓர் அடி விலகி நின்றார்கள். நல்லவேளை, மண்டபம் பெரியது.

“இருக்கட்டும் சாமி. நானும் ஒரு மந்திரம் சொல்லிப் பாக்கட்டுமா? எங்க ஆபீஸ்ல சொல்லுவோம். நல்லாப் பலிக்கும்,” என்றாள் காந்திமதி. கண்ணை மூடிக்கொண்டு, தேவாரம் பாடுகிற ராகத்தில் ஆரம்பித்தாள்:

“மதிப்பிற்குரிய ஐயா... எனக்குத் திடீரெனக் கடுமையான காய்ச்சல் கண்டிருப்பதால்... இன்று ஒரு நாள் மட்டும் தற்செயல் விடுப்பு வழங்குமாறு... தங்களைத் தாழ்மையுடன் கேட்டுக்கொள்கிறேன்...”

‘தாழ்மையுடன்’ என்ற இடத்தில் டிரோன் எழும்பியது. ‘இப்படிக்கு’ என்றபோது கூட்டத்தின் தலைக்கு மேலே வந்து நின்றது. ‘தங்கள் உண்மையுள்ள’ என்றபோது அனந்தகிருஷ்ணனின் குல்லாயை ஒரு சுற்றுச் சுற்றி, மெதுவாக இறங்கித் தரையில் உட்கார்ந்தது. வள்ளிக்குக் கை அப்படி.

மண்டபத்தில் இருந்தவர்கள் முக்கால்வாசிப் பேர் அரசு ஊழியர்கள். அந்த மந்திரத்தை வாழ்நாளில் நூறு முறை ஜபித்தவர்கள். விடுப்புக் கிடைத்திருக்கிறதே தவிர, எதுவும் பறந்து பார்த்ததில்லை. முதலில் ஒருவர் சிரித்தார்.

இப்போது எல்லோருக்கும் புரிந்திருக்கும் என்று நினைக்கிறீர்கள். மூடநம்பிக்கையின் பலம் உங்களுக்குத் தெரியவில்லை. சித்தர் கண்ணைத் திறந்து, நான் சற்று முன்பு அனுப்பிய சக்திதான் இப்போது வந்து சேர்ந்திருக்கிறது, இந்த அம்மையார் அதற்கு ஒரு கருவி என்றார். கூட்டம் ‘ஓ’ என்றது. தபால் துறையில் இருந்த ஒருவர், தாமதம் சகஜம்தான் என்று தலையாட்டினார். மாமிகள் மறுபடி கன்னத்தில் போட்டுக்கொண்டார்கள்.

காந்திமதி கோபப்படவில்லை. இதையும் எதிர்பார்த்திருந்தாள்.

“சரியாச் சொன்னீய சாமி. தலைவர் சார், இவ்வளவு பெரிய மகானுக்கு நம்ம மன்றம் இன்னும் ஒரு பொன்னாடை போத்தலியே? வெளியூர்க்காரங்க கேட்டா என்ன நினைப்பாங்க?”

அனந்தகிருஷ்ணன் துடித்துப்போனார். இருபது வருடமாக மன்றத்துக்கு வந்த எவரையும் அவர் பொன்னாடை போர்த்தாமல் அனுப்பியதில்லை. மின்கணக்கு எடுக்க வந்தவரும் தப்பியதில்லை. பீரோவிலிருந்து ஜரிகை போட்ட பொன்னாடை வந்தது. கூட்டம் கைதட்டியது. தமிழ்நாட்டிலிருந்து எவ்வளவு தூரம் வந்தாலும், பொன்னாடை என்றால் உட்கார்ந்துகொண்டு வாங்க முடியாது. எழுந்து நிற்க வேண்டும். போர்த்தியிருப்பதை எடுக்க வேண்டும். இரண்டு கையையும் கூப்ப வேண்டும். இதுதான் முறை.

சித்தர் வேண்டாம் என்றார். அடக்கம் என்று நினைத்துக் கைதட்டல் கூடியது. உட்கார்ந்தே வாங்கிக்கொள்கிறேன் என்றார். மகான்கள் நின்றுதான் தரிசனம் தர வேண்டும் என்று நான்கு பேர் அன்போடு அக்குளில் கைகொடுத்துத் தூக்கினார்கள். அன்புக்கு முன்னால் எந்த முத்திரை நிற்கும்?

டொக்.

மடியிலிருந்து ஒரு ரேடியோ தரையில் விழுந்தது. விழுந்த வேகத்தில் அதற்குள்ளிருந்து ஒரு பெண் குரல் தெளிவான ஆங்கிலத்தில் ‘லோ பேட்டரி’ என்றது.

மண்டபம் அமைதியானது. அதுதான் உண்மையான ரேடியோ மௌனம்.

காந்திமதி அதைக் குனிந்து எடுத்துத் துடைத்தாள். இது இரண்டு அலைவரிசையிலும் பேசுகிற ரேடியோ, அணைத்துவைத்த உங்கள் ரேடியோவுக்குப் பதிலாக இதுதான் டிரோனைத் தூக்கியது என்று சொன்னாள். எல்லோருக்கும் ஒரே சொல்லைப் போட்டிருப்பதால், அலைவரிசை ஒத்துப்போனால் யார் ரேடியோவுக்கும் யார் டிரோனும் கட்டுப்படும், இரண்டு ரேடியோக்களை ஒன்றாகப் போட்டால் குட்டு உடைந்துவிடும் என்பதற்காகத்தான் மௌனம் என்றும் சொன்னாள். திரைக்குப் பின்னாலிருந்து வள்ளி தன் ரேடியோவோடு வெளியே வந்தாள். மஞ்சள் துணிக்குப் பின்னால் இருந்த துணிப்பையை யாரோ கவிழ்த்தார்கள். யமுனையில் கரைந்த ரேடியோக்களில் நான்கு நனையாமல் உருண்டு வந்தன. மற்றவை எந்தக் கடையில் கரைந்தன என்று வெங்கடேஸ்வரன் தாழ்ந்த குரலில் சொன்னார். சித்தர் போய்விட்டார், வெங்கடேஸ்வரன் மட்டும் நின்றுகொண்டிருந்தார். அவர் இந்தி கலந்து பேசினார்.

“மேடம், ஏக் மினிட். கடையை மூடிட்டேன். பலகையில ‘கட்டு மந்திரம்’னு எழுதியிருந்ததைப் பார்த்தேன். சரி, கேட்கிறாங்களேன்னு... நான் முதல்ல ஆரம்பிக்கல மேடம்ஜி. உங்க மன்றம்தான் எழுதி மாட்டியிருந்தது.”

அனந்தகிருஷ்ணன் அறிவிப்புப் பலகையைத் திரும்பிப் பார்த்தார். பார்த்துவிட்டு, நெடுநேரம் குல்லாயைச் சரிசெய்துகொண்டிருந்தார்.

இரண்டு பேர் கையை ஓங்கிக்கொண்டு முன்னால் வந்தார்கள். நேற்று வரை காலில் விழுந்தவர்கள்தான். வள்ளி நடுவில் புகுந்து வெங்கடேஸ்வரன் கையில் ஒரு டீயைத் திணித்தாள். டீ வைத்திருப்பவனை அடிப்பது சிரமம், சட்டையில் கொட்டும்.

மணி பத்து ஐம்பது. காந்திமதி தீனாவின் ரேடியோவையும் டிரோனையும் வெங்கடேஸ்வரன் முன்னால் வைத்தாள்.

“கரைச்சதையெல்லாம் திருப்பிக் கொண்டாந்து குடுங்க, அது அப்புறம். இப்ப இந்தப் பிள்ளைக்கு அவனே ஒரு சொல்லைத் தட்டட்டும். நீங்க பார்க்கக் கூடாது. ஆன்டெனாவை நிமித்தி ஒட்டிக் குடுங்க. சிக்னல் போச்சுன்னா மோட்டார் உடனே நிக்குதான்னு பாருங்க, யார் தலையிலயும் மோதிடக் கூடாது. உங்களுக்கு இது தெரியும்.”

தெரிந்தது. மிக நன்றாகவே தெரிந்தது. தீனா திரும்பி நின்று தன் சொல்லைத் தட்டினான். வெங்கடேஸ்வரன் ஆன்டெனாவைச் சட்டத்திலிருந்து விலக்கி நிமிர்த்தினார். ரேடியோவை அணைத்து, மோட்டார் நிற்பதை இரண்டு முறை சோதித்தார். ஆறே நிமிடம். எலுமிச்சம்பழம் தேவைப்படவில்லை. வாயை மூடிக்கொண்டிருந்தால் அந்தக் கைகள் கௌரவமாகப் பிழைக்கும் என்று அப்போதே தெரிந்தது. இப்போது அவர் ஞாயிறுதோறும் அங்கே வந்து, எல்லோர் எதிரிலும், துணி கட்டாமல் டிரோன் பழுது பார்க்கிறார்.

பதினொன்றே காலுக்கு ஜெகன் வந்தார். தீனாவின் டிரோன் வாசலில் நுழைந்து, மாமிகளின் வரிசையைக் கடந்து, நாற்காலிக் கால்களுக்கு நடுவே போய், மேடையைச் சுற்றி வந்தது. மன்றத்தின் பேனரில் ஒரு தடவை லேசாக உரசியது. எல்லோரும் மூச்சைப் பிடித்தார்கள். அது சமாளித்துக்கொண்டு வந்து தீனாவின் காலடியில் இறங்கியது. ஜெகன் படத்தை இரண்டு முறை பார்த்தார். வியாழக்கிழமை நொய்டாவில் ஒரு கல்யாணம், காலை ஆறுக்கெல்லாம் வந்துவிடு என்றார். தீனா வள்ளியைத் தேடிப் போனான். அவளோ கடைசி வீட்டுச் சமையலுக்கு நேரமாகிவிட்டது என்று பஸ்ஸுக்கு ஓடிவிட்டிருந்தாள்.

கதை இத்தோடு முடிந்திருந்தால் நன்றாக இருந்திருக்கும்.

காந்திமதி பையை எடுத்துக்கொண்டு கிளம்பும்போது வாசலில் பத்துப் பதினைந்து பேர் நின்றிருந்தார்கள். வரிசையாகத்தான். கையில் டிரோன். முதலில் நின்ற அம்மாள் நோட்டும் பேனாவும் வைத்திருந்தாள்.

“ஏம்மா, அந்த லீவு லெட்டர் மந்திரத்தைக் கொஞ்சம் மெதுவாச் சொல்லுங்களேன், எழுதிக்கிறோம். ‘தாழ்மையுடன்’கிற எடத்துலதானே தூக்கிச்சு?”

காந்திமதி நெற்றித் திருநீற்றைத் தொட்டுக்கொண்டு அவர்களை ஒரு நிமிடம் பார்த்தாள். பிறகு அந்த அம்மாளின் நோட்டை அன்போடு மூடிக் கையில் கொடுத்தாள்.

“முருகன் ஆளாளுக்குத் தலைக்குள்ள ஒரு ரிசீவரை இலவசமா வச்சுத்தான் அனுப்பியிருக்கான், அம்மா. அதுல எழுத வேண்டிய சொல்லை நீங்களே யோசிச்சு எழுதுங்க. அடுத்தவன் கையில குடுத்தா, அவன் தூக்குறப்பதான் பறப்பீய. அவன் போடுறப்ப விழுவீய.”